‘பவர் மைனஸ் 29 வருது சார்’: ஃபைபர்காரர்கள் பேசும் பாஷைக்கு ஒரு விளக்கம்

கேள்வி இதுதான்: வீட்டு ஃபைபர் நெட் இரண்டு நாளாக விட்டுவிட்டு வருகிறது, பெட்டியில் சிவப்பு விளக்கு மினுங்குகிறது. பார்க்க வந்த தம்பி ஒரு சின்ன மீட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, “பவர் மைனஸ் 29 வருது சார், 20 கிட்ட இருக்கணும். ஸ்ப்ளிட்டர்ல இல்லாட்டி டிராப்ல லாஸ் இருக்கு. நாளைக்கு ஸ்ப்ளைசிங் மிஷினோட வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒன்றும் புரியவில்லை, ஃபைபரின் அடிப்படைச் சொற்களை முதலிலிருந்து விளக்க முடியுமா?

முடியும். கொஞ்சம் நீளமாகப் போகும், பரவாயில்லை என்றால் படியுங்கள். பல வருடமாக இந்தக் கண்ணாடி இழைகளோடுதான் என் குடித்தனம். இந்தத் தொழிலில் புழங்கும் சொற்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: ஒரு முனையில் போட்ட வெளிச்சத்தில் மறுமுனைக்கு எவ்வளவு மிஞ்சி வந்தது, மீதி வழியில் எங்கே போனது. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு ஃபைபர் புரியாமல் போகாது.

முதலில் அந்த இழை. நடுவில் கோர், அதைச் சுற்றிக் கிளாடிங், அதற்கு மேல் பிளாஸ்டிக் பூச்சு. வீடுகளுக்கு வரும் வகையில் கோரின் விட்டம் சுமார் 9 மைக்ரான், கிளாடிங்கோடு சேர்த்து 125 மைக்ரான், பூச்சோடு 250 மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான். ‘தலைமுடியைவிட மெல்லியது’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நம் முடியே 50 முதல் 100 மைக்ரான்தான் இருக்கும், ஆகவே அந்தக் கண்ணாடி முடியைவிடக் கொஞ்சம் தடிமன். வெளிச்சம் ஓடுகிற கோர் மட்டும்தான் முடியில் பத்தில் ஒரு பங்கு அளவு.

கோரும் கிளாடிங்கும் இரண்டுமே கண்ணாடி. கோரில் மட்டும் கொஞ்சம் ஜெர்மேனியம் ஆக்சைடு கலந்து அதன் ஒளிவிலகல் எண்ணைச் சற்றே கூட்டியிருப்பார்கள். வித்தியாசம் நூற்றில் அரைப் பங்குகூட வராது. ஆனால் அது போதும். கிணற்றில் குதித்து நீருக்குள்ளிருந்து மேலே பார்த்தவர்களுக்கு இது தெரியும்: நேர் மேலே பார்த்தால் வானம் தெரியும், நன்றாகச் சாய்த்துப் பார்த்தால் நீர்ப்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடி போலாகிக் கிணற்றின் உட்பக்கத்தையே திருப்பிக் காட்டும். பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பு அதுதான். கோருக்குள் போன வெளிச்சம் விளிம்பை மிகச் சாய்வாகத் தொடுவதால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே திரும்பித் திரும்பி ஓடுகிறது.

பாடப்புத்தகத்தில் வெளிச்சம் சுவருக்குச் சுவர் மோதி வளைந்து வளைந்து போவதாகப் படம் போட்டிருப்பார்கள். தடித்த கோருக்கு அது சரி. 9 மைக்ரான் கோருக்கு அந்தப் படம் பாதிப் பொய். அங்கே வெளிச்சம் மோதி ஓடுவதில்லை. ஒரே அலையாகப் பரவிப் போகிறது, அதன் ஓரம் கிளாடிங்குக்குள்ளும் கொஞ்சம் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வயரை ஏன் மடக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இந்த ஓரம்தான்.

கோரின் அளவை வைத்துத்தான் சிங்கிள் மோட், மல்டி மோட் என்று பிரிப்பது. மோட் என்றால் வெளிச்சம் போகக்கூடிய பாதை. மல்டி மோடில் கோர் 50 அல்லது 62.5 மைக்ரான், அதற்குள் நூற்றுக்கணக்கான பாதைகள். பழனிக்குப் பாத யாத்திரை கிளம்புகிறவர்களைப் பாருங்கள்: ஊர் எல்லையில் எல்லோரும் ஒரே கூட்டம், ஒட்டன்சத்திரம் தாண்டும்போது முன்னால் போனவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் அரை நாள் இடைவெளி. அதேபோல ஒரே நொடியில் கிளம்பிய வெளிச்சத் துடிப்பு பல பாதைகளில் போய்ச் சேரும்போது பரந்து, அடுத்த துடிப்போடு கலந்துவிடும். இந்தப் பரவலுக்கு டிஸ்பர்ஷன் என்று பெயர். அதனால் மல்டி மோட் சில நூறு மீட்டருக்குள், ஒரே கட்டடத்துக்குள்ளோ டேட்டா சென்டரிலோதான் பிழைக்கும். சிங்கிள் மோடில் ஒரே பாதை என்பதால் அந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் வேறொரு டிஸ்பர்ஷன் உண்டு: லேசர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதில் சற்றே மாறுபட்ட நிறங்கள் இருக்கும், கண்ணாடியில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும்போது இது பெரிய தலைவலி. உங்கள் தெருவுக்கு இது கவலையே இல்லை. மஞ்சள் உறை போட்ட பேட்ச் கார்டு (இரு முனையிலும் கனெக்டர் உள்ள குட்டை வயர்) பார்த்தால் பெரும்பாலும் சிங்கிள் மோட், ஆரஞ்சு அல்லது இளநீலப் பச்சை என்றால் மல்டி மோட்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. ‘ஒளியின் வேகத்தில் இணையம்’ என்று விளம்பரத்தில் போடுவார்கள். கண்ணாடிக்குள் ஒளி வெற்றிடத்தில் போகிற வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் போகும், நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் ஐ2ஐ கடலடி கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். அதில் போய்த் திரும்பவே 32 மில்லி செகண்ட் ஆகும். நீங்கள் 100 எம்பி பிளானை 1 ஜிபி பிளானாக மாற்றினாலும் அந்த 32 குறையாது. பிளான் என்பது ஒரு நொடிக்கு எத்தனை பிட் அனுப்பலாம் என்ற கணக்கு, ஒவ்வொரு பிட்டும் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்பது வேறு கணக்கு.

இப்போது அந்த மைனஸுக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர்நாடி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

டிபி, அதாவது டெசிபெல், ஒரு விகிதம். 3 டிபி குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது. 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 டிபி என்றால் நூற்றில் ஒன்று, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. ஏன் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும்? பெருக்கல் எல்லாம் கூட்டலாகிவிடும் என்பதால்தான். பாதியில் பாதியில் பத்தில் ஒன்று என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் 3, 3, 10, மொத்தம் 16 என்று கம்பத்தின் மேல் நின்றுகொண்டே கணக்குப் போட்டுவிடலாம். டிபிஎம் என்பது அதற்கு ஒரு நிலையான தொடக்கப் புள்ளி வைத்தது: 1 மில்லிவாட் வெளிச்சம்தான் 0 டிபிஎம். அதற்குக் கீழே போனால் மைனஸ். மைனஸ் என்றதும் கடன் மாதிரி நினைக்க வேண்டாம், 1 மில்லிவாட்டைவிடக் குறைவு, அவ்வளவுதான். மைனஸ் 30 டிபிஎம் என்பது 1 மைக்ரோவாட்.

இந்த டிபியை வைத்துத்தான் இந்தத் துறையே பிறந்தது என்று சொல்லலாம். 1966இல் இங்கிலாந்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்காமும் ஒரு கணக்குப் போட்டார்கள்: கண்ணாடி இழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 20 டிபிக்குள் வந்துவிட்டால் தொலைபேசிக்குப் பயன்படுத்தலாம். அப்போது கையில் இருந்த கண்ணாடியில் இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 1,000 டிபி. அதாவது ஒன்றுக்குப் பின்னால் நூறு பூச்சியம் போட்டு, அதில் ஒரு பங்கு. எதுவும் மிஞ்சாது என்று அர்த்தம். கண்ணாடியில் குற்றமில்லை, அதில் கலந்திருக்கும் இரும்பு போன்ற அசுத்தங்களில்தான் குற்றம் என்று காவோ விடாப்பிடியாகச் சொன்னார். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மாரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் 17 டிபிக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். இன்று உங்கள் தெருவில் தொங்கும் சாதாரண இழையில் 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டிபிதான். காவோவின் இலக்குப்படி 1 கிலோமீட்டர் தாண்டி மிஞ்ச வேண்டிய வெளிச்சம், இன்று 100 கிலோமீட்டர் தாண்டியும் மிஞ்சுகிறது. 2009இல் காவோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ‘ஃபைபர் ஆப்டிக்ஸ்’ என்ற பெயரைப் பரப்பியவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, அவரை நோபல் குழு சேர்த்துக்கொள்ளவில்லை என்ற மனக்குறை எங்களில் நிறையப் பேருக்கு இன்னும் உண்டு. இழையில் வெளிச்சத்தை நெடுந்தூரம் கொண்டுபோகும் வழியைக் காட்டியது காவோதான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நானோமீட்டர் என்று சொன்னேன் அல்லவா, அது வெளிச்சத்தின் அலைநீளம், அதாவது நிறம். ஃபைபரில் ஓடும் நிறங்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. 850, 1310, 1550 என்ற எண்களை அடிக்கடி கேட்பீர்கள். அலைநீளம் குறைவாக இருந்தால் கண்ணாடி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தெரிவதும் இதே வகைச் சிதறலால்தான். 1600ஐத் தாண்டிப் போனால் கண்ணாடியே வெளிச்சத்தை விழுங்க ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவே 1550 அருகில் இழப்பு மிகக் குறைவு. அதனால் கடலடிக் கேபிள்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். ஒரே இழையில் பல நிறங்களைச் சேர்த்து அனுப்புவதற்கு டபிள்யூடிஎம் என்று பெயர்.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். உங்கள் பகுதி எக்ஸ்சேஞ்சிலோ ஆபரேட்டர் அறையிலோ ஓஎல்டி என்ற பெரிய பெட்டி இருக்கும். அதன் ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பும் ஒற்றை இழை வழியில் ஸ்ப்ளிட்டர்களால் பல கிளைகளாகப் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகும். கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் கறுப்பு வயர்தான் டிராப். வீட்டுக்குள் சுவரில் மாட்டிய பெட்டி ஓஎன்டி அல்லது ஓஎன்யூ. ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம், வெறும் கண்ணாடி வேலை. அதனால்தான் இந்த அமைப்புக்கே பேசிவ் ஆப்டிகல் நெட்வொர்க், சுருக்கமாக பான், என்று பெயர். ஜிபான் என்ற பான் வகையில் ஓஎல்டியிலிருந்து வருவது 1490 நானோமீட்டர், உங்கள் பெட்டி திருப்பி அனுப்புவது 1310. ஒரே இழையில் எதிரெதிராகப் போனாலும் மோதிக்கொள்ளாது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஓஎல்டி அனுப்பும் வெளிச்சம் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. எதிர்வீட்டுக்காரர் பார்க்கும் சீரியலும் உங்கள் பெட்டி வரை வருகிறது, தனக்கு இல்லாததை உங்கள் பெட்டி எடுத்துக்கொள்வதில்லை. மற்றவர் படிக்காமல் இருக்க ஏஇஎஸ் குறியாக்கத்துக்குத் தரநிலையிலேயே இடம் உண்டு. திரும்பிப் போகும் பக்கம் அப்படி முடியாது, எல்லோரும் சேர்ந்து பேசினால் கூச்சல்தான். அதனால் ஓஎல்டி ஒவ்வொரு பெட்டியின் தூரத்தையும் அளந்து, ‘இப்போது நீ பேசு’ என்று நேரம் ஒதுக்கும். ஒரு முறை முப்பது வீடுகளில் ஒரே நேரத்தில் நெட் போய், கம்பம் கம்பமாக ஏறி இறங்கி, கடைசியில் கண்டுபிடித்தது ஒரே ஒரு வீட்டுப் பெட்டி. அதன் லேசர் அணையாமல் எரிந்துகொண்டே இருந்ததால் மற்றவர் பேச்சு எதுவும் ஓஎல்டிக்குக் கேட்கவில்லை. அந்தப் பெட்டியின் சுவிட்சை அணைத்ததும் தெரு முழுக்க உயிர் வந்தது.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கை எழுதலாம். ஓஎல்டி பிளஸ் 3 டிபிஎம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வழியில் இரண்டு இடத்தில் இருந்தால் ஒவ்வொன்றும் சுமார் 10.5 டிபி எடுத்துக்கொள்ளும், ஆக 21. இதில் 9 டிபி பிரிப்பதற்கே போகும், வெளிச்சத்தை எட்டுப் பேருக்குப் பங்கு போட்டால் அப்படித்தான். மீதி ஸ்ப்ளிட்டரின் சொந்தக் கழிவு. ஐந்து கிலோமீட்டர் இழைக்கு ஒன்றேகால் டிபி. நாலு கனெக்டருக்கு 0.3 வீதம் 1.2. வழியில் ஆறு ஸ்ப்ளைஸ், அதாவது இழையை ஒட்டவைத்த இடங்கள், எல்லாம் சேர்த்து 0.3. மொத்தம் 23.75. மூன்றிலிருந்து இதைக் கழித்தால் மைனஸ் 20.75 வரும். தம்பி ‘20 கிட்ட இருக்கணும்’ என்றது இதைத்தான். உங்களுக்கு வருவது மைனஸ் 29. எங்கோ 8 டிபி கூடுதலாகக் காணாமல் போகிறது, வர வேண்டிய வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. ஜிபான் பெட்டிகள் பொதுவாக மைனஸ் 27, 28 வரை தாங்கும். அதற்குக் கீழே போனால் சிக்னலைப் பிடிக்கவும் விடவுமாக இருக்கும். சிவப்பில் எரியும் எல்ஓஎஸ் விளக்குக்கு ‘சிக்னல் வரவில்லை’ என்று பொருள். உங்களுக்கு விட்டுவிட்டு வருவதற்கும் அது மினுங்குவதற்கும் காரணம் இந்த விளிம்பு நிலைதான்.

அந்த 8 டிபி எங்கே போயிருக்கும்? என் அனுபவத்தில் முதல் சந்தேகம் எப்போதும் மடிப்பு. கோருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அலை ஓரம் பற்றிச் சொன்னேனே, வளைவு இறுக்கமானால் அந்த ஓரம் உள்ளே திரும்ப முடியாமல் கழன்று வெளியே போய்விடும். பழைய ஜி652 வகை இழையை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக மடக்கக் கூடாது. வீடுகளுக்கென்று வந்த ஜி657 வகையில் ஏ2 என்பது ஏழரை மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும். டிவி ஸ்டாண்டைச் சுவரோடு தள்ளிவைத்தது, ஜன்னல் கதவில் வயர் சிக்கியது, மிச்ச வயரை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டியது, பெரும்பாலும் இவ்வளவுதான் விஷயம். அலைநீளம் கூடக் கூட வளைவில் கசிவும் கூடும். அதனால் 1310இல் அளந்ததைவிட 1550இல் இழப்பு அதிகம் என்றால் அது மடிப்பு, இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் கனெக்டரையோ ஸ்ப்ளைஸையோ பாருங்கள் என்று புதிதாக வருகிற பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

இரண்டாவது அழுக்கு. 9 மைக்ரான் வாசலில் 5 மைக்ரான் தூசி உட்கார்ந்தால் பாதி வாசல் அடைபட்ட மாதிரிதான். கனெக்டர் முனையைச் சட்டையில் துடைத்துச் செருகுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். நூல் பிரியாத துடைப்புத் தாளும் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் பையில் இல்லாதவரை நான் ஃபைபர்காரராகவே கணக்கில் சேர்ப்பதில்லை. பச்சைக் கனெக்டரும் நீலக் கனெக்டரும் மாறிச் செருகப்படுவதும் உண்டு. பச்சை என்றால் ஏபிசி, முனையை 8 டிகிரி சாய்த்துத் தேய்த்திருப்பார்கள், திரும்பும் வெளிச்சம் கோருக்குள் வராமல் பக்கவாட்டில் போய்விடும். நீலம் யுபிசி, அது ஏறக்குறைய நேர் முனை. இரண்டையும் சேர்த்தால் நடுவில் காற்று இடைவெளி விழும், டிபி கணக்கில் போகும். செருக முடிகிறது என்பதாலேயே சேரும் என்று அர்த்தமில்லை.

ஸ்ப்ளைசிங் என்பது இரண்டு இழைகளை ஒட்டவைப்பது. பூச்சை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, கிளீவர் என்ற கருவியால் முனையை நேராக வெட்டி, மிஷினுக்குள் வைத்தால் மின்பொறி கண்ணாடியை உருக்கி ஒன்றாக்கும். நன்றாக அமைந்தால் 0.05 டிபிகூடப் போகாது. இதில் வேலை தெரிந்தவரின் கைத்திறன் கிளீவரில்தான் தெரியும், முனை கோணலாக வெட்டுப்பட்டால் எவ்வளவு விலை மிஷினும் காப்பாற்றாது. வெட்டி விழும் துண்டுகள் ஆபத்தானவை. ஒரு முறை என் குதிகாலில் ஏறிய துண்டை எடுக்க ஒரு மாலை முழுக்கப் போயிற்று. கண்ணுக்கே தெரியவில்லை.

அப்புறம் அணில். சிரிக்காதீர்கள். டிராப் வயரை அணில் கடிப்பது எங்களுக்குத் தினசரிச் செய்தி. முழுதாக அறுந்தால் கண்டுபிடிப்பது சுலபம், பாதி கடித்து விட்டுவிட்டால்தான் உங்கள் வீட்டில் நடப்பது மாதிரி விட்டுவிட்டு வரும், காற்றடித்தால் போகும்.

தூரத்தில் இருக்கும் பழுதைப் பிடிக்க ஓடிடிஆர் என்ற கருவி. கிணற்றில் குரல் கொடுத்து எதிரொலி எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது போல, அது ஒரு வெளிச்சத் துடிப்பை அனுப்பி, வழியெங்கும் சிதறித் திரும்பும் துளி வெளிச்சத்தை அளக்கும். 1 மைக்ரோ செகண்ட் கழித்துத் திரும்பினால் 100 மீட்டர் தூரம். திரையில் ஒரு சரிவுக்கோடு வரும், அதில் திடீர் இறக்கம் தெரிகிற இடம் பழுது. ஆனால் அது காட்டுவது இழையின் நீளம், ரோட்டின் நீளம் அல்ல. கம்பத்துக்குக் கம்பம் சுற்றிவைத்த மிச்சக் கேபிளையும் சேர்த்துத்தான் எண்ணும். இதை மறந்து, திரை காட்டிய தூரத்தை ரோட்டில் அப்படியே அளந்து, நாற்பது மீட்டர் தள்ளிக் குழி தோண்டிய கதை எங்களில் பலருக்கும் உண்டு.

நாளை தம்பி வருவதற்குள் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். டிராப் வயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலிருந்து பெட்டி வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள், எங்காவது மடிந்தோ நசுங்கியோ இருந்தால் மெதுவாகத் தளர்த்திவிட்டு விளக்கைக் கவனியுங்கள். பக்கத்து வீடுகளிலும் இதே தொல்லையா என்று விசாரித்து வையுங்கள். அவர்களுக்குச் சரியாக வருகிறது என்றால் பழுது ஸ்ப்ளிட்டரில் உங்கள் வீட்டுக்கு வரும் கிளைக்கும் உங்கள் பெட்டிக்கும் இடையில்தான், தம்பிக்குப் பாதி வேலை மிச்சம். பச்சைக் கனெக்டரைக் கழற்றி உள்ளே வெளிச்சம் வருகிறதா என்று மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள். அது அகச்சிவப்பு, வந்தாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.